ஊசியக்காவின் இடது கை

சோதனைக்கு எடுத்த இரத்தக் குப்பிகளைச் சுழல் இயந்திரத்தில் எதிரும் புதிருமாக அடுக்கி, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தியாயிற்று. கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஊசியக்கா பஞ்சுப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கிடாரை வெளியே இழுக்கிறார். இயந்திரம் முதலில் முனகும், பிறகு இரையும், அப்புறம் ஒரே சீரான ரீங்காரத்துக்கு வந்துவிடும். இரத்தம் சுழன்று சுழன்று நீர் மேலாகவும் கட்டி கீழாகவும் பிரிவதற்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அவருடையது.

இடம் பரிசோதனைக்கூடத்தின் பின்னறை. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு குளிர்பெட்டி, ஒரு கழுவுதொட்டி, அந்த இயந்திரம், ஒரு முக்காலி. முக்காலியில் அவர் உட்கார்ந்து கிடாரை மடியில் ஏற்றினால் அதன் பின்னாலிருந்து ஒரு கொண்டையும் ஒரு மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரியும். எதிரே ஸ்பிரிட் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் தாடி வைத்த ஓர் இளைஞன் பாடம் நடத்திக்கொண்டிருப்பான். "ரொம்ப ஈஸி, விரலை இப்படி விரிச்சு வைங்க" என்பான் அவன். "உனக்கென்னப்பா, விரலா அது, முருங்கைக்காய்" என்று இவர் பதில் சொல்வார். அவன் காதில் விழாது என்பதற்காகச் சொல்லாமல் விடுகிறவர் இல்லை.

இயந்திரம் வேகம் குறைந்து நிற்கும்போது இவரும் நிறுத்திவிடுவார். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி. கிடார் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடும், கையுறை கையில் ஏறிவிடும். "வீட்ல உக்காந்து வாசிச்சா, அடுப்பு கூப்பிடும், துணி கூப்பிடும், அவரு கூப்பிடுவாரு. இங்கதான் நிம்மதி. மிஷின் நிக்குற வரைக்கும் டாக்டரம்மாவே வந்தாலும் என்ன பண்ண முடியும்?" என்பார்.

கிடார் மகளுடையது. மகள் கேட்டாள், வாங்கித் தந்தார்கள், ஒரு மாதம் டொய்ங் டொய்ங் என்றாள், விரல் வலிக்கிறது என்று அலமாரிக்குப் பின்னால் சாத்தினாள், வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ஊசியக்காவுக்குப் பொருள் சும்மா கிடந்தால் பிடிக்காது. மீந்த குழம்பையே வீணாக்காத மனுஷி, முழுசாக ஒரு கிடாரை விடுவாரா? ஒரு நாள் துடைத்தவர் ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஐம்பத்து நாலு வயதில் எதற்கு இந்த வம்பு என்று கேட்டவர்களிடம், "காசு போட்டு வாங்குனதாச்சே" என்று மட்டும் சொல்லிவைத்தார். அது முழு உண்மை இல்லை.

ஒன்றரை வருடத்தில் அவர் கற்றது கொஞ்சம்தான். மூன்று விரல்களைச் சேர்த்துக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் 'கார்ட்' வகைகளில் ஐந்தாறு, அவற்றை வைத்து ஒப்பேற்றக்கூடிய மெட்டுகள் இரண்டு. கம்பியை அழுத்தும் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. சுண்டு விரல்தான் எந்தக் கம்பியையும் எட்டாமல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. "இது ஒண்ணு, சம்பளம் வாங்கிட்டு வேலைக்கு வராத ஆளு" என்று அதைத் திட்டுவார். மற்ற மூன்றும் முதலில் சிவந்தன, பிறகு கொப்பளித்தன, பிறகு காய்த்தன. விரல் நுனி காய்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று தாடிக்காரப் பையன் சொல்லியிருந்தான். அந்தக் காய்ப்பை அவர் புது வளையல் மாதிரி கணவரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் யாருக்காவது இரத்தம் எடுக்க நரம்பு அகப்படவில்லை என்றால் ஊசியக்காவிடம்தான் அனுப்புவார்கள். பச்சைக் குழந்தை, பருத்த உடம்பு, மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் உள்வாங்கிப்போன நோயாளி, எல்லாம் அவர் நாற்காலிக்கு வந்து சேரும். ரப்பர் பட்டையைக் கட்டுவார். இடது ஆள்காட்டி விரலை முழங்கையின் மடிப்பில் வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெதுவாக அமுக்கி அமுக்கி விடுவார். நரம்பு அந்த விரலுக்கு அடியில் வழுக்கி வந்து நிற்கும். அதன் பிறகு வலது கையிலுள்ள ஊசி போவது வெறும் சம்பிரதாயம். "கண்ணால பாத்துக் குத்துறவ நான் இல்ல" என்பார். அது அவருடைய ஒரே கர்வம். மெல்லிய கையுறைக்குள்ளிருந்தே அந்த விரல் இதைச் செய்யும்.

அந்த நாற்காலிக்குத் திங்கட்கிழமைதோறும் வருகிறவர் ஒருவர் உண்டு. லாரி ஓட்டி ஓய்ந்தவர். மீசையும் தோளுமாக ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறார். ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்னாலும் இரத்தத்தைப் பார்த்தாக வேண்டும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடி, "தங்கச்சி, குத்துனதும் சொல்லாத, எடுத்து முடிச்சிட்டுச் சொல்லு" என்பார். பல நாள் இவர் முடித்துப் பஞ்சு வைத்து ஒட்டிய பிறகும் அவர் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை ஊசியக்கா பட்டையைக் கட்டினார், விரலை வைத்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார். ஒன்றும் இல்லை. தோல் இருந்தது, தோலுக்கு அடியில் மெத்தென்று ஏதோ இருந்தது, அவ்வளவுதான். "தண்ணி குடிக்காம வந்தீங்களாண்ணே?" என்று அதட்டினார். தண்ணீர் கொடுத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, காத்திருந்து, மறுபடியும் தேடினார். விரல் ஊமையாக இருந்தது.

அப்போதுதான் அவர் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். போன வாரம் நரம்பு இருந்த இடம் நினைவிருந்தது. விரல் சொல்லாமலே, நினைவை நம்பி ஊசியை இறக்கினார். குப்பிக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. ஊசியை வெளியே எடுத்துவிட்டுப் புறங்கையில் தெரிந்த ஒரு நீலக் கோட்டில் மறுபடி குத்தினார். அது கண்ணெதிரே வீங்கிக் கருத்தது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆச்சா தங்கச்சி?" என்றார். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது என்பது அங்கே விதி. ஊசியக்கா எழுந்து போய், பரிசோதனைக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அந்த நாற்காலிப் பக்கமிருந்து இதற்கு முன் எழுந்து போய் இன்னொருவரைக் கூப்பிட்டதாக அவருக்கே நினைவில்லை.

டாக்டரம்மா கால் பாதத்தில் தேடித் தேடி ஒருவழியாக எடுத்தார். டிரைவருக்கு வேர்த்து ஊற்றியது. ஆனாலும் மனிதர் சட்டைக் கையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "விடு தங்கச்சி. வண்டின்னா ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உங்க மேல தப்பில்லக்கா, அவருக்கு நரம்பெல்லாம் மருந்துலயே போயிடுச்சு. அடுத்த வாரமும் கிடைக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துடுறேன். நெஞ்சுல குழாய் வெச்சு விட்ருவாங்க, அதுலயே எடுத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

கதவுக்குப் போன டிரைவர் திரும்பி நின்றார். "குழாயா? அதெல்லாம் வேணாம் டாக்டர். எனக்குப் பக்கத்துப் படுக்கையில இருந்தவருக்கு வெச்சாங்க. சீழ் புடிச்சு, காய்ச்சல் வந்து, அந்தக் குழாயோடயே போய்ச் சேந்தாரு. கைய நீட்டுறேன், எத்தனை தடவ வேணாலும் நீட்டுறேன். குழாய்னா நான் வைத்தியத்துக்கே வரல." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். இரண்டு பெண்களும் அதை நம்பினார்கள்.

சாயங்காலம் வீட்டில், சாப்பாட்டு மேசையில், ஊசியக்கா தன் தலைமுடி ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொழில் படிக்கிற காலத்தில் மூத்த நர்ஸ் ஒருவர் பழக்கிவிட்ட பயிற்சி அது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே மெல்லிய தாள், அதற்கு அடியில் ஒரு முடியை வைத்து, கண்ணை மூடி, விரலால் தடவி அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மேலே இன்னொரு தாள். அந்தக் காலத்தில் வகுப்பில் எல்லாருக்கும் முடி தொலைந்த பிறகும் இவருக்குத் தொலையாது.

இன்றைக்கு முதல் தாளிலேயே தொலைந்தது.

அவருடைய கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டார், யாரையும் சீண்டாமல் இருக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தைத் தடவும் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தேடுற?"

"முடி."

"சோத்துல வந்தா நான் தேடுவேன். நீ எதுக்குக் காகிதத்துல தேடுற?"

ஊசியக்கா சிரிக்கவில்லை. இடது கையை நீட்டினார். "இந்த விரலத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். "ஆமா. செருப்புத் தோல் மாதிரி இருக்கு. நீதான அன்னைக்கு ஆசையாக் காட்டுன?"

"இந்த விரல்லதான் நான் நரம்பு பாக்குறேன்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசியக்கா காலையில் நடந்ததைச் சொன்னார்; விரல் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துவந்தது தனக்கே தெரியவில்லை என்றார். டிரைவரின் கை வீங்கியதையும், குழாய் வைத்தால் வரமாட்டேன் என்றதையும் சொன்னார். தான் நினைவை நம்பிக் குத்தியதைக் கடைசியில்தான் சொன்னார்.

"அப்ப என்ன யோசனை? கிடார விட்டுடு. உன்னை யாரு கச்சேரிக்குக் கூப்பிட்டு வாசல்ல நிக்குறாங்க?"

நியாயமான கேள்வி. ஊசியக்கா தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"முப்பது வருஷமா நான் கைய நீட்டுனா ஜனங்க மூஞ்சியத் திருப்பிக்குது. கொழந்தைங்க என்னைப் பாத்தாலே அழுவுது. கடைத்தெருவுல அம்மாக்காரி என்னைக் காட்டி, 'சொன்ன பேச்சு கேக்கலன்னா ஊசி போட்டுருவாங்க'ன்னு மெரட்டுறா. நான் நல்லா வேலை செஞ்சேன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? ஒண்ணும் தெரியலன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுல கொறை இல்ல. ஆனா இது ஒண்ணுதாங்க, நான் தொட்டு வலிக்காத பொருள். வலிச்சா எனக்குத்தான் வலிக்குது."

கணவர் சீண்டாமல், அந்தக் காய்த்த விரலை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் முதல் ஊசியக்கா கிடாரைத் தொடவில்லை. குப்பிகளை அடுக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. வீட்டில் வெந்நீரில் விரல்களை ஊறவைத்தார், குதிகாலுக்குத் தேய்க்கும் கல்லால் தேய்த்தார், வாஸலின் தடவித் துணி சுற்றிப் படுத்தார். காய்ப்பு உரிந்தது. உரிந்த இடத்தில் தோல் சிவந்து எரிந்தது. எரிச்சல் தெரிந்ததே தவிர முடி தெரியவில்லை. தாடிக்காரப் பையனின் பழைய பாடம் ஒன்றைத் தேடிக் கேட்டார். வாசிப்பதை நிறுத்தினால் காய்ப்பு போய்விடும், சில வாரங்கள் ஆகும், அதனால் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள் என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். டிரைவருக்குச் சில வாரங்கள் இல்லை. திங்கட்கிழமைதான் இருந்தது.

இடைப்பட்ட நாட்களில் நரம்பு கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு மட்டும் எடுத்தார். தான் இத்தனை காலம் ஏளனம் செய்த வழியிலேயே, கண்ணால் பார்த்துக் குத்தினார். ஒரு கைக்குழந்தை வந்தபோது பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்னறைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா எடுத்தார், குழந்தை வீறிட்டு அழுதது. ஊசியக்கா தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை டிரைவர் வந்தார். மேல் சட்டைக்கு அடியில் ஆள் இன்னும் வற்றியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன் தங்கச்சி. என் மேல பழி போட முடியாது."

டாக்டரம்மா கதவருகே நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த நிற்பிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது.

ஊசியக்கா பட்டையைக் கட்டினார். ஆள்காட்டி விரலை வைத்தார். வைத்த உடனே தெரிந்துவிட்டது, வேலைக்கு ஆகாது என்று. நடுவிரலை வைத்தார். அதுவும் காய்த்தது. மோதிர விரல், அதுவும்தான். கட்டை விரலை வைக்கலாம், ஆனால் அதற்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு, அது நோயாளியுடையதா தன்னுடையதா என்று குழப்பிவிடும். முதல் பாடத்திலேயே அதைக் கொண்டு தொடாதே என்று சொல்லித்தருவார்கள். வலது கையால் தேடலாம் என்றால், கண்ட நரம்பை விரல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஊசியை இறக்க அந்தக் கைதான் வேண்டும். பட்டை இறுகி இறுகி டிரைவரின் கை சிவந்துகொண்டு வந்தது. அதை ரொம்ப நேரம் கட்டி வைக்கவும் கூடாது.

"ஆச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கலண்ணே. பேசாம இருங்க."

பட்டையை அவிழ்த்தார். டாக்டரம்மா ஓர் அடி முன்னால் வந்தார். ஊசியக்கா அவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரல்களும் மடங்கியிருந்தன, சுண்டு விரல் மட்டும் வழக்கம்போலத் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக ஒரு கம்பியையும் தொடாத சோம்பேறி.

பட்டையை மறுபடி கட்டினார். சுண்டு விரலை முழங்கை மடிப்பில் வைத்தார். மணிக்கட்டை ஏடாகூடமாகத் திருப்ப வேண்டியிருந்தது, தோள் வலித்தது. நரம்பு பார்த்துப் பழக்கமில்லாத விரல், எதைத் தேடுவதென்று தெரியாமல் அலைந்தது. அமுக்கினார், விட்டார். நகர்த்தினார், அமுக்கினார், விட்டார். உள்ளே ஆழத்தில், ஈர நூல் போல ஒன்று வழுக்கியது. போய்விட்டது. ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அது போன திசையிலேயே விரலைக் கொண்டுபோனார். மறுபடி வழுக்கியது. இந்த முறை அதன் மேலேயே விரலை நிறுத்திவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு ஊசியை இறக்கினார். குப்பிக்குள் இரத்தம் பாய்ந்து வந்தது.

முடித்து, பஞ்சு வைத்து ஒட்டி, டிரைவரின் கையைத் தானே மடக்கிவிட்டார். "ஆச்சுண்ணே."

"ஆச்சா? ஒண்ணுமே தெரியலையே!" டிரைவர் எழுந்து சட்டைக் கையை இறக்கிக்கொண்டார். "பாத்தீங்களா டாக்டர்? குழாயாம் குழாய். வர்றேன் தங்கச்சி, அடுத்த திங்கள்." அவர் வாசலை அடைத்துக்கொண்டு வெளியேறும் வரை ஊசியக்கா நின்றுகொண்டிருந்தார். பிறகு பின்னறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் அவர் கிடாரைத் துணியில் சுற்றிப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுபோனார். கதவைத் திறந்த கணவர் துணிப்பொதியைப் பார்த்ததும், "கொண்டாந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். விட்டுவிடு என்று சொன்னவர்தான், ஆனால் முகம் வாடிவிட்டது.

ஊசியக்கா கிடாரைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஆறு கம்பிகளையும் கழற்றினார்.

"பழையபடி பொண்ணுக்கே அனுப்பிடலாமா?" என்றார் கணவர்.

"உங்க சின்ன அரம் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"தடிக் கம்பி கீழ வரணும், மெல்லிசுக் கம்பி மேல வரணும். கழுத்து முனையில இந்த வெள்ளைத் துண்டுல கம்பி உக்கார்ற காடி பத்தாது. கொஞ்சம் அகலமா அராவிக் குடுங்க."

கணவர் குனிந்து கிடாரின் கழுத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவர் மூளை இயந்திரக்காரர் மூளை, விஷயத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. "தலைகீழா மாட்டப் போறியா? கண்ணாடியில பாக்குற மாதிரி?"

"இடது கை என் நாற்காலிக்கு வர்றவங்களுக்கு. அத வெச்சு இனிமே கம்பிய அழுத்தமாட்டேன், சும்மா சுண்ட மட்டும்தான். வலது கை ஊசியப் பிடிச்சாப் போதும், அதுக்கு எதையும் தேடத் தேவையில்ல. அது காச்சா காய்க்கட்டும்."

"அப்ப இத்தனை நாள் கத்துக்கிட்டது?"

"போச்சு."

"ஒண்ணரை வருஷம்."

"போச்சுங்க. அரத்தைக் கொண்டாங்க."

அவர் அரத்தைக் கொண்டுவந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அராவினார். அகலமான காடியில் மெல்லிசுக் கம்பி ஆடியபோது, மாத்திரைப் பெட்டித் தாளைக் கிழித்து மடித்து அடியில் வைத்தார். இருவரும் சேர்ந்து கம்பிகளை இழுத்து முறுக்கினார்கள். ஒன்று அறுந்து கணவர் கையில் சுளீரென்று அடித்தது. "இதுக்குத்தான் சொல்றேன், என்னை அச்சகத்தோட விட்ருக்கலாம்" என்றார். அதற்கு ஊசியக்கா அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு கிடாரை மடியில் ஏற்றினார். கழுத்து வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த விதமே யாரோ போல இருந்தது. வலது கை கம்பிகளின் மேல் வந்து, எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. ஊசியக்கா இடது கையால் தன் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கி, கழுத்தின் முதல் கட்டத்தில் கம்பியின் மேல் கொண்டுபோய் வைத்து, வலிக்க வலிக்க அழுத்தினார்.